தண்டவாளத்தில் ஒரு கணினிப் பாடம்

தெமட்டகொடை புகையிரத எஞ்சின் கொட்டகைப் பக்கமாகப் போகிறவர்கள் எஞ்சின்கள் முன்னும் பின்னுமாக நகர்வதைக் கண்டிருப்பார்கள். ஒரு முனை மூடிய பாதையில் கடைசியாக நுழைந்ததுதான் முதலில் வெளியே வர முடியும். இதைப் பார்த்து நிற்கும் சிறுவன் கணினி விஞ்ஞானத்தின் முதற் பாடங்களில் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான் என்றால் சிரிக்காதீர்கள். ஒல்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா, கணக்குக் கோவைகளைக் கணினி செய்யத்தக்க ஒழுங்குக்கு மாற்றும் வழியொன்றை 1961இல் வகுத்தார். பெட்டிகளை வரிசை மாற்றும் புகையிரத முற்றத்தின் பெயராலேயே அந்த வழி இன்றும் அழைக்கப்படுகிறது.

நம்மவர்களுக்கோ "மகள் கொம்பியூட்டர் படிக்கிறாள்" என்றால் தட்டெழுத்தும், கடிதம் அடிப்பதும், ஒரு சான்றிதழும்தான். இவற்றால் வேலை கிடைக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் உயர்தர வகுப்பில் இரும எண்களும், தர்க்கப் படலைகளும், பைதன் மொழியும் வரும்போது, "இது எனக்குரியதல்ல" என்று பிள்ளை பின்வாங்குகிறது. சிந்திக்கும் முறையைப் பற்றி அதற்கு எவரும் முன்னர் சொல்லவில்லையே! கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்த பேராசிரியர் வி. கே. சமரநாயக்க ஒரு கணிதப் பேராசிரியர் என்பதும் பலருக்குத் தெரியாது.

நாம் சென்ற ஒரு கிராமப் பாடசாலையில் கணினி அறை பூட்டிக் கிடந்தது. இயந்திரங்கள் பழுது. பிள்ளைகள் விசைப்பலகையின் படத்தைக் கொப்பியில் வரைந்துகொண்டிருந்தார்கள். பழுது பார்க்க ஆள் வரும்வரை பாடம் இல்லையாம்.

அந்த ஆளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நியூசிலாந்தில் டிம் பெல் என்பவரும் இரு நண்பர்களும் கணினி இன்றியே கணினி விஞ்ஞானம் கற்பிக்கும் விளையாட்டுகளை 1998இல் நூலாக்கினார்கள். ஐந்து அட்டைகளில் 1, 2, 4, 8, 16 புள்ளிகள். சிலவற்றைத் திறந்து சிலவற்றை மூடினால் 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். இரும எண் என்பது அவ்வளவுதான். பழைய கலண்டர் அட்டை போதும், மின்சாரம்கூட வேண்டாம்.

மூடிய முற்றத்தில் சோக்கட்டியால் ஒரு பக்கப் பாதை கீறினோம். மூன்று தீப்பெட்டிகளுக்கு 1, 2, 3 என இலக்கமிட்டோம். அவை அந்த வரிசையில்தான் பாதைக்குள் போகும். வெளியே வருவது எப்போது என்பது பிள்ளைகளின் விருப்பம். எத்தனை வரிசைகள் செய்யலாம்? ஆறில் ஐந்தைச் சற்று நேரத்தில் கண்டுவிட்டார்கள். 3, 1, 2 மட்டும் வரவில்லை. "முதலில் மூன்று வெளியே வரவேண்டுமென்றால் ஒன்றும் இரண்டும் உள்ளே நிற்கவேணும். ஒன்றுக்கு முன்னால் இரண்டு மறிக்குது, சேர்!" என்றாள் பின்வரிசைச் சிறுமி ஒருத்தி. பூட்டிய அறையைப் பற்றி அன்று எவரும் கேட்கவில்லை.