ராஜாவின் சருமம்

1988 ஜூலையில் மறைந்த, எசல பெரஹரா ஊர்வலத்திற் புனித தந்ததாதுப் பேழையைப் பல்லாண்டு சுமந்த ராஜா என்னும் இக்களிற்றின் சருமம், இன்று பதனிடப்பட்டுக் காட்சிக்கு நிற்பினும், ஜீவித காலத்தில் கலத்தோடு கலம் பிணைந்த டெஸ்மோசோம் என்னும் சூட்சுமச் சந்திகளாலேயே உராய்வையும் இழுவிசையையும் தாங்கிற்று. தந்தங்களைக் கண்டதும் திரும்பிவிடுவோர் இதனையும் சற்றே நோக்கலாம். கலச்சவ்வினின்று புறம்நீளும் டெஸ்மோகிளின், டெஸ்மோகொலின் ஆகிய புரதங்கள், கல்சியத்தின் துணைகொண்டு, அயற்கலத்தின் அத்தகைய புரதங்களோடு கைகோத்து, உட்புறத்தே டெஸ்மோபிளாக்கின் வாயிலாகக் கெரற்றின் இழைகளோடு பந்தமுறும். மனிதரது மேற்றோலில் நொதியங்கள் இப்பிணைப்பைக் காலக்கிரமத்தில் அறுப்பதால் மாண்ட கலங்கள் உதிர்கின்றன. பிறபொருளெதிரிகள் டெஸ்மோகிளினையே பகையெனக் கருதித் தாக்கும் பெம்பிகஸ் என்னும் வியாதியிலோ, தோல் கொப்புளித்து, இலேசாகத் தேய்த்தாலும் உரிந்துபோகும்.