கண் வீங்கும் முன்பே சிறுநீர் காட்டிக்கொடுக்கும்

காலையில் எழும்போது குழந்தையின் கண்ணிமைகள் உப்பியிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். அலர்ஜி என்று சொட்டு மருந்து விட்டே நாளைக் கடத்துபவர்கள் உண்டு. காலும் வயிறும் வீங்கிய பிறகு சிறுநீரைச் சோதித்தால் புரதம் ஏராளமாகப் போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள் தலைகாட்டும் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் இது.

முதல் மருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. இந்திய வழக்கப்படி 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். நூற்றில் 85 பிள்ளைகளுக்காவது இது கேட்கும். ஆனால் அவர்களில் பாதிக்கு மேல் நோய் திரும்பும். ஒரு சளிக்காய்ச்சலே போதும்.

இந்த மருந்தால் முகம் உருண்டு, பசி பெருகி, பிள்ளை எரிந்து விழும்போது பெற்றோர் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கிப்போயிருக்கும் நேரம் அது. திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கித் தாமாகவே மறுபடி தொடங்குவதும் அதே அளவு தவறு.

வீட்டிலேயே காவல் இருக்கலாம். காலைச் சிறுநீரில் டிப்ஸ்டிக் பட்டையை நனைத்தால் மஞ்சள் கட்டம் பச்சையாகும். தொடர்ந்து 3 நாள் 3+ காட்டினால், வீக்கம் இல்லாவிட்டாலும் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். பட்டை கட்டுப்படியாகாதவர்களுக்குச் சல்ஃபோசாலிசிலிக் அமிலச் சொட்டுகள் உண்டு. புரதம் இருந்தால் சிறுநீர் பால் திரிவதுபோல் வெளுக்கும். முடிவை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பல பெரிய பரிசோதனைகளைவிட அந்த நோட்டு மருத்துவருக்கு உதவும்.

ஆண்டுக்கு 3 முறைக்கு மேல் வந்தால் லெவாமிசோல், மைக்கோஃபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ரோலிமஸ், ரிட்டுக்சிமாப் என வேறு மருந்துகள் இருக்கின்றன. லெவாமிசோல் வெள்ளணுக்களைக் குறைக்கலாம். டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். சைக்ளோபாஸ்பமைடு அளவு மீறினால் பிற்காலத்தில் குழந்தைப்பேற்றைப் பாதிக்கும். ஏன் இந்த மருந்து, எத்தனை நாள், எந்த ரத்தப் பரிசோதனை, என்ன செலவு என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உங்கள் உரிமை. சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள்.

தடுப்பூசி போடுமுன் ஸ்டீராய்டு எடுப்பதைச் சொல்லுங்கள். உயிர்க்கிருமித் தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருந்து பிள்ளை அங்கே போயிருந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். வீக்கத்தோடு காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்தால் வயிற்றுறையில் கிருமி தொற்றியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.