வண்டிக்கு கரண்ட் ஃபேன் மாட்டும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள்



குழுக் கடன் வாங்கி வண்டி ஓட்டும் குடும்பங்கள் நம்மில் உண்டு. புது வண்டிக்கு வசதி இல்லாதவர்கள் பழைய ஜீப், பழைய அம்பாசடர் என்று கிடைத்ததை வாங்குகிறோம். சித்திரை, வைகாசி வெயிலில் வெம்பக்கோட்டையில் இருந்து தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, சாத்தூர் என்று ஊருக்கு ஊர் நின்று ஆள் ஏற்றிப் போனால், "வண்டி சூடாகுதுக்கா" என்று டிரைவர் தம்பி வந்து நிற்கிறார். மெக்கானிக்கிடம் போனால், "பெல்ட் ஃபேனை எடுத்துட்டு கரண்ட் ஃபேன் மாட்டிருவோம், சரியாப் போயிரும்" என்கிறார்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஃபேனுக்கு வயர் இழுக்கும் வேலையை ஏனோதானோ என்று செய்தால், சூட்டைத் தணிக்க மாட்டிய ஃபேனே வண்டிக்குத் தீ வைத்துவிடும். "இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். வண்டியை யார் ஓட்டினாலும் கடன் நம் பெயரில்தான் இருக்கிறது. வண்டி எரிந்து போனாலும் தவணை கட்டியாக வேண்டும். வயரை நாம் முறுக்க வேண்டாம், சரியாகச் செய்திருக்கிறார்களா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஃபேன் எதற்கு?

எஞ்சினில் எரியும் டீசல், பெட்ரோலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு சூடாக வெளியே போகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வந்து, காற்றுப் பட்டு ஆறி, திரும்ப எஞ்சினுக்குப் போகிறது.

வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும். நின்று நின்று போகும்போதும், ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்கும்போதும்தான் ஃபேன் தேவை. பழைய ஜீப்பிலும் பழைய அம்பாசடரிலும் ஃபேனைச் சுற்றுவது எஞ்சின் பெல்ட். எஞ்சின் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். காற்று ரொம்பத் தேவைப்படும் நேரத்தில் காற்று குறைந்துவிடும். கரண்ட் ஃபேனுக்கு அந்தக் குறை இல்லை. வண்டி நின்றாலும் ஒரே வேகத்தில் சுற்றும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 காரில் எஞ்சினைக் குறுக்காக வைத்ததால் பெல்ட் ஃபேனுக்கு வழியில்லை, கரண்ட் ஃபேன்தான் வைத்தார்கள். இன்றைக்கு வரும் கார்களில் பெரும்பாலும் அதுதான்.

முதலில் இதைப் பாருங்கள்

ஃபேன் வாங்கப் பணம் எடுக்கும் முன், சூட்டுக்குக் காரணம் ஃபேன்தானா என்று பார்க்க வேண்டும்.

• ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே கரிசல் புழுதியும் பஞ்சும் அடைத்திருக்கிறதா? எஞ்சின் ஆறிய பிறகு பின்பக்கம் இருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

• போர் தண்ணீர் ஊற்றுகிறார்களா? நம் வீட்டுப் பானையில் உப்புப் படிவது போல ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். கூலண்ட் கலந்த நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

• பெல்ட் தொளதொள என்று இருக்கிறதா? மூடி ரப்பர் நைந்திருக்கிறதா? ஹோஸில் ஒழுகல் உண்டா?

ரேடியேட்டர் மூடி குக்கர் மூடி மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் வெயிட் இறங்காத குக்கரைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டவும் கூடாது, இரும்பு வெடித்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடாகிறது என்றால் கரண்ட் ஃபேன் மாட்டலாம்.

12 வோல்ட்தானே என்று நினைக்கலாமா?

"12 வோல்ட்தானே, ஷாக்கே அடிக்காது, என்ன ஆபத்து?" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் தீப்பிடிக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கும்.

நம் வீட்டு சீலிங் ஃபேன் 75 வாட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 75-ஐ 230-ஆல் வகுத்தால், வயரில் ஓடுவது ஏறக்குறைய 0.33 ஆம்பியர். வண்டி ஃபேன் 120 வாட் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 12 வோல்ட். 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். அதாவது வீட்டு ஃபேன் வயரில் ஓடுவதைப் போல 30 மடங்கு! சுற்ற ஆரம்பிக்கும் அந்த நொடியில் இதைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும்.

வயரைச் சூடாக்குவது இந்த ஆம்பியர்தான். ஒரே வயரில் ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மெல்லிய வயரைப் போட்டால் மேல் பிளாஸ்டிக் உருகி, கம்பி பாடியில் பட்டு, பேட்டரியின் மொத்த சக்தியும் அந்த ஓர் இடத்தில் இறங்கும். பக்கத்திலேயே டீசல் குழாயும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். அதன் பிறகு அணைக்க நேரம் இருக்காது.

நம்ம ஊரில் பொறி என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அந்த ஆலைகளுக்கு நம் பெண்கள் போய் வரும் வண்டியில் வயர் புகையக் கூடாது.

சரியான வயரிங் எப்படி இருக்க வேண்டும்?

ஃபேனுக்குப் போகும் கரண்ட் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவோ சாவி வழியாகவோ போகக் கூடாது. அவை அவ்வளவு ஆம்பியரைத் தாங்காது. நடுவில் 'ரிலே' என்ற சின்னப் பெட்டி வேண்டும். ரிலே ஒரு வேலையாள் மாதிரி. நாம் மெல்லிய வயரில் ஒரு சைகை கொடுத்தால், அது 'டிக்' என்று உள்ளே ஒட்டிக்கொண்டு, தடித்த வயரில் வரும் பெரிய கரண்டை ஃபேனுக்கு விடும். அந்தச் சைகைக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை.

ரிலேயின் கால்களில் 30, 87, 85, 86 என்று எண் போட்டிருக்கும். இணைப்பு இப்படி:

1. பேட்டரி பிளஸ்ஸில் இருந்து தடித்த வயர். அதில் ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். பியூஸில் இருந்து ரிலேயின் 30-ஆம் காலுக்கு.

2. ரிலேயின் 87-ஆம் காலில் இருந்து ஃபேனின் பிளஸ்ஸுக்கு, அதே தடிமன் வயர்.

3. ஃபேனின் மைனஸில் இருந்து எர்த். பெயிண்ட் சுரண்டிய இரும்பில் லக் வைத்து போல்ட் போட வேண்டும், அல்லது பேட்டரி மைனஸுக்கே கொண்டு போக வேண்டும். இதுவும் தடித்த வயர்தான்.

4. 86-ஆம் காலுக்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் இருந்து ஒரு மெல்லிய வயர், சின்ன பியூஸோடு.

5. 85-ஆம் காலில் இருந்து வெப்ப சுவிட்சுக்கு. அங்கிருந்து எர்த்துக்கு.

வெப்ப சுவிட்ச் தண்ணீரின் சூட்டைப் பார்த்து வேலை செய்யும். பொதுவாக 90 முதல் 95 டிகிரிக்குள் ஃபேனைப் போட்டு, சில டிகிரி இறங்கியதும் நிறுத்திவிடும். பழைய ரேடியேட்டரில் இதற்குத் துளை இருக்காது. மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஓர் உலோகக் குழாய் வைத்து அதில் சுவிட்சைத் திருகுவார்கள். இரு பக்கமும் ரப்பர் இருப்பதால் அந்தக் குழாய்க்கு எர்த் கிடைக்காது. ஒற்றை வயர் சுவிட்ச் என்றால் குழாய்க்குத் தனியாக எர்த் வயர் போட்டால்தான் ஃபேன் சுற்றும்.

வயரும் பியூஸும்

10 ஆம்பியர் இழுக்கும் ஃபேனுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், 20 ஆம்பியர் பியூஸ், 30 ஆம்பியர் ரிலே பொருத்தமாக இருக்கும். ஃபேன் பெரியது என்றால் வயரும் பெரிதாக வேண்டும். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் கூடாது, வண்டி ஆட்டத்தில் முறிந்துவிடும். பல இழை உள்ள ஆட்டோ வயர்தான் வேண்டும்.

பியூஸ் இருப்பது ஃபேனைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அதனால்தான் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறோம். ஃபேனுக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவழியில் வயர் நைந்து பாடியில் உரசும்போது அந்த பியூஸால் பயன் இல்லை. பியூஸ் போனால் தாமிரக் கம்பி சுற்றுவது, சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள் சுற்றுவது கூடவே கூடாது. திரும்பத் திரும்பப் போனால் எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

முந்தானை, துப்பட்டா கவனம்

சிலர் 86-ஆம் கால் வயரை பேட்டரியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சாவியை எடுத்த பிறகும், தண்ணீர் சூடாக இருந்தால் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். பானெட்டைத் திறந்து குனிந்து பார்க்கும்போது முந்தானையோ, துப்பட்டாவோ, சடையோ, விரலோ மாட்டினால் என்னாகும்? மோட்டார் பிரஷ்ஷிலும் ரிலேயிலும் சின்னப் பொறி வருவது இயல்பு. ஆலை வாசலில் ஆளில்லாமல் நிற்கும் வண்டியில் அது நமக்கு வேண்டாம். சாவியை எடுத்தால் ஃபேன் நிற்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆள் ஏற்றும் வண்டியில் பட்டாசு, மருந்துப் பொருள் எதையும் ஏற்றக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டைனமோ தாங்குமா?

பழைய டைனமோ வண்டிகளில் கிடைப்பது 20, 25 ஆம்பியர் அளவுதான். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் எடுக்கும். ஃபேன் 10. ஹாரன், பின் விளக்கு வேறு. ராத்திரி ஓட்டத்தில் பேட்டரி இறங்கிப் போகும். இப்படிப்பட்ட வண்டிக்கு முதலில் ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பழைய ஃபேன் இறக்கையை எடுத்தாலும் பெல்ட் இருக்க வேண்டும். வாட்டர் பம்பையும் டைனமோவையும் சுற்றுவது அதுதான்.

வேலை முடிந்ததும் நின்று பாருங்கள்

"ரிலே எல்லாம் வேண்டாம்க்கா, நேரா குடுத்தாலே ஓடும்" என்று சொன்னால், "இல்லண்ணே, ரிலேயும் பியூஸும் போட்டே குடுங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் இந்த ஆறையும் பாருங்கள்:

• ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ஃபேன் சுற்றும்போது தாள் ரேடியேட்டரோடு ஒட்ட வேண்டும். தள்ளிவிட்டால் காற்று தலைகீழாக அடிக்கிறது.

• எஞ்சினை நிறுத்தாமல் விட்டால், சூடேறியதும் ஃபேன் தானாகச் சுற்றி, பிறகு தானாக நிற்க வேண்டும்.

• ஃபேன் பத்து நிமிடம் ஓடிய பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஃபேன் வயரைப் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். சுட்டால் வயர் போதாது.

• சாவியை எடுத்த பிறகு ஃபேன் சுற்றவே கூடாது.

• வயர் தகரத்துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இணைப்புகளை முறுக்கி டேப் மட்டும் சுற்றியிருந்தால் ஏற்காதீர்கள். லக் வைத்து அழுத்தியோ, சாலிடர் வைத்தோ, மேலே ஸ்லீவ் போட்டிருக்க வேண்டும்.

• ஃபேன் கிளாம்ப் போட்டு உறுதியாக நிற்க வேண்டும். ரேடியேட்டர் தகட்டுக்குள் பிளாஸ்டிக் டேக் கோத்துக் கட்டினால், ஆட்டத்தில் தகடு கிழிந்து ஒழுகும்.

குழுவுக்கு ஒரு யோசனை

வண்டிக்கோ வண்டி வேலைக்கோ உள்கடன் கொடுக்கும்போது இந்த ஆறையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் ஊக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். கடை ரசீதையும் வாங்கி வையுங்கள். ரிலே, பியூஸ், நல்ல வயர் இவற்றுக்கு ஆகும் செலவு, வண்டி எரிந்த பிறகும் கட்ட வேண்டிய தவணைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அடுத்த கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். வீட்டில் டிரைவராக இருக்கும் அண்ணன், தம்பிக்கும் சொல்லுங்கள்.