காற்றை அளக்கும் கம்பி



புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போகும் வழியில், சென்ற மாதம் நம் பழைய கார் திணறியது. மிதித்தால் குலுங்கிற்று, இழுவை இல்லை. ஒரு பட்டறையில், காற்றை அளக்கும் சென்சாரை மாற்ற 350 வெள்ளி கேட்டார்கள். மாற்றவில்லை, சுத்தம் செய்தோம். கார் சரியாக ஓடுகிறது. அந்த விவரத்தை இன்று பார்ப்போம்.

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. 2003இல் வந்த டொயோட்டா வியோஸ் போன்ற கார்களிலோ கம்ப்யூட்டர்தான் பெட்ரோலை அளந்து கொடுக்கிறது. சாப்பிட எத்தனை பேர் என்று தெரிந்துதானே உலையில் அரிசி போடுகிறோம்? அதுபோல, உள்ளே வரும் காற்றின் எடை கம்ப்யூட்டருக்குத் தெரியவேண்டும். 1 கிராம் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும்.

காற்றுக் குழாயில் சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று உண்டு. ஓடும் காற்று அதைக் குளிர வைக்கும். மீண்டும் சூடாக்கத் தேவைப்படும் மின்சாரத்தைக் கொண்டு காற்று கணக்கிடப்படுகிறது. தூசியும் எண்ணெய்ப் பசையும் படிந்தால் கம்பி போர்வை போர்த்தியது போலாகும். காற்று குறைவு என்று எண்ணிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும்.

சுத்தம் செய்யும் முறை இதுதான். இஞ்சின் ஆறட்டும். சாவியை எடுத்துவிடுங்கள். காற்று வடிகட்டிப் பெட்டியை அடுத்த குழாயில் சென்சார் இருக்கும். சில கார்களில் இது இராது. வேறுவகைச் சென்சார் இருக்கும். மின்கம்பி இணைப்பைக் கழற்றி, திருகாணிகளை நீக்கி, மெல்ல வெளியே எடுங்கள். இதற்கென்றே விற்கும் சென்சார் கிளீனரைப் பத்துப் பதினைந்து முறை பீய்ச்சுங்கள். கம்பியை விரலாலோ துணியாலோ பஞ்சாலோ தொடவே கூடாது; அறுந்துவிடும். பெட்ரோலும் கார்புரேட்டர் கிளீனரும் ஆகா. திறந்த வெளியில் செய்யுங்கள். அருகில் சிகரெட், நெருப்பு வேண்டாம். அரைமணி நேரம் தானாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள்.

முக்கியமான ஒன்று: தூசி எப்படி உள்ளே வந்தது? நம் காரில் வடிகட்டி கிழிந்திருந்தது. அதை மாற்றாமல் கம்பியை மட்டும் கழுவினால், தோட்டச் சாலைத் தூசி மறுபடியும் படியும்.

இவ்வளவு செய்தும் இஞ்சின் விளக்கு அணையவில்லையென்றால், நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கோளாறு வேறிடத்தில் இருக்கலாம். ஆனால் பொருளை மாற்றச் சொன்னவுடன் பணத்தை எடுத்துவிடாதீர்கள். சுத்தம் செய்து பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள். பதறாத காரியம் சிதறாது.