வேடந்தாங்கல்: கவுல் முதல் ராம்சார் வரை

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் பக்கத்தில் இந்தப் பெயரை அறியாதவர் குறைவு. பெருமழையில் ஏரிக்கரை உடையப்போகிறது என்று ஊரே நடுங்கிய இரவில், வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்பதைக் கண்டு மெய்சிலிர்த்துப் போனவர் இவர்தான் என்கிறது ஏரி காத்த ராமர் கோயிலின் கதை. அதே பிளேஸிடம்தான் பக்கத்து வேடந்தாங்கலின் குடியானவர்கள் வேறொரு முறையீட்டோடு போனார்கள். கிழக்கிந்தியக் கும்பெனிச் சிப்பாய்கள் தங்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்துகிறார்கள், அதை நிறுத்தித்தர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1798 வாக்கில் கவுல் எழுதிக் கொடுத்தார் பிளேஸ். அந்த ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட சாசனம் அது.

காட்டுயிர்ச் சட்டம் என்ற பேச்சே இல்லாத காலம். துப்பாக்கியும் அதிகாரமும் கும்பெனியின் கையில் இருந்தன. அப்படியிருந்தும் உழவர்கள் கூடிப் போய்ப் பறவைக்காக நியாயம் கேட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இரக்கம் மட்டும் அவர்களை அங்கே கொண்டுபோகவில்லை, நெல்லும் கொண்டுபோனது. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் இரவும் பகலும் தண்ணீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்ந்தால் பயிர் தனி எருவில்லாமலே தழைக்கும். பறவை கூடுகட்டும் காலம் ஐப்பசியில் தொடங்கிப் பங்குனிவரை நீளும். தை, மாசியில் நவரைப் பயிருக்குப் பாய்வது சத்து நன்றாக ஏறிய தண்ணீர். ஆயக்கட்டில் நிலம் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் பறவையால் வருமானம் இருந்தது. அதனால் காவலுக்குக் கூலியாள் தேவைப்படவில்லை. துப்பாக்கியோடு வருகிறவன் தன் நெல்லில் கைவைக்கிறான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த உரிமையை அவர்கள் விட்டுவிடவும் இல்லை. கும்பெனி ஆட்சி முடிந்த 1858-இல் அதைப் புதுப்பித்து வாங்கினார்கள். 1936-இல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. அதன் பிறகு வந்தவை வனச்சட்டத்தின் கீழ் பாதுகாப்பு, 1972-இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், அரசாணைகள். படிப்படியாகக் காவல் ஊரிடமிருந்து வனத்துறையின் கைக்குப் போனது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் இடம்பெற்றது. சில மைல் தள்ளியிருக்கும் கரிக்கிலியும் அதே ஆண்டில் இடம்பெற்றது.

ஏரி சிறியது. சுமார் முப்பது ஹெக்டேர், அதாவது எழுபத்தைந்து ஏக்கருக்குள் அடங்கிவிடும். கரைமேல் நிதானமாக நடந்தாலே ஒரு பக்கம் முழுவதையும் பார்த்துவிடலாம். உள்ளே இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. மரத்தைச் சுற்றித் தண்ணீர் இருப்பதுதான் பறவைக்குக் காப்பு. நாயும் நரியும் பூனையும் அங்கே நீந்திப்போய் முட்டையைத் தொடாது. அதனால் தண்ணீர் வற்றினால் அந்தக் காப்பும் போய்விடும். ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் இறங்கத் தயங்குவதன் காரணம் இதுதான். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் இந்தக் கரையில் நிற்பதைவிட நெஞ்சை வாட்டும் காட்சி இந்த மாவட்டத்தில் அதிகம் இல்லை.

மழை ஒழுங்காகப் பெய்த ஆண்டு வேறு மாதிரி. முதலில் இறங்குபவை நத்தைக்குத்தி நாரையும் கொக்குகளும் நீர்க்காகமும் வக்காவும். பின்னால் வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா எல்லாம் சேர்ந்துகொள்ளும். மார்கழியில் மரம் தெரியாது, பறவைதான் தெரியும். ஒரே மரத்தில் மேல்கிளை நாரைக்கு, நடுக்கிளை கொக்குக்கு, தண்ணீரை ஒட்டிய கிளை வக்காவுக்கு என்று பல சாதிப் பறவைகள் குடியிருக்கும். வக்கா பகலெல்லாம் தோளுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு தூங்கும். பொழுது சாய்ந்து மற்றவை கூட்டுக்குத் திரும்பும் நேரத்தில் அது இரைதேடக் கிளம்பும்.

வந்து பார்ப்பவர்களும் பத்திரிகைகளும் இவற்றை ‘வெளிநாட்டுப் பறவைகள்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இங்கே கூடு கட்டுகிறவை ஏறக்குறைய எல்லாமே நம் துணைக்கண்டத்துப் பறவைகள், ஏரிக்கு ஏரி இடம் மாறுபவை. வடக்கே மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போகின்றன, இங்கே முட்டையிடுவதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. விருந்தாளி எங்கிருந்தோ வருகிறான் போகிறான் என்று இருந்துவிடலாம். கூடு கட்டும் நாரை நம் வயலில் மேய்ந்து, நம் தண்ணீரில் குஞ்சை வளர்க்கும் உள்ளூர்க் குடும்பம். அதன் நலிவுக்கு வேறு தேசத்தைக் குறைசொல்ல முடியாது.

நத்தைக்குத்தியைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், முழுதாக மூடாது. அந்த இடைவெளி பிறவியில் வருவதில்லை. குஞ்சுக்கு அலகு நேராகத்தான் இருக்கும், வளர வளரத்தான் விரிசல் விழும். சேற்றுக்குள் அலகை விட்டு நத்தையைத் தொட்டுணர்ந்து பிடிக்கும். மேல் அலகால் ஓட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூரிய கீழ் அலகின் நுனியை மூடியின் ஓரமாகச் செலுத்தித் தசையை அறுத்துச் சதையை முழுதாக உருவி எடுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடைவதுகூட இல்லை. கூட்டுக்குத் திரும்பி அந்தச் சதையைக் கூட்டின் தரையில் கக்கும். குஞ்சுகள் முண்டியடித்துப் பொறுக்கித் தின்னும். வெயில் ஏறினால் தாயோ தகப்பனோ இறக்கையைப் பாதி விரித்து நிழல் பிடித்தபடி அசையாமல் நிற்கும். பறவையியல் எழுத்தில் முன்னோடியான மா. கிருஷ்ணன் ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து எழுதினார், படம் எடுத்தார். அவர் கண்ட அதே வேலையை இன்றும் பறவை செய்துகொண்டிருக்கிறது.

மாறியது பறவையைச் சுற்றியுள்ள உலகம். படாளம் கூட்டுரோட்டில் திரும்பி உள்ளே வரும் சாலையில் முன்பு கண்ணுக்கெட்டிய தூரம் நெல்தான். இப்போது நெல்லுக்கு நடுவே மனைக்கல் நட்ட பிளாட்டுகள். நிலம் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் மறைமலைநகர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேன் ஏறுகிறார்கள். அதில் குறைசொல்ல எதுவுமில்லை, பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனால் எச்சம் கரைந்த தண்ணீருக்கு இருந்த மதிப்பை யூரியா மூட்டையும் ஆழ்துளைக் கிணறும் குறைத்துவிட்டன. பாட்டன் காலத்தில் நாரை பொய்த்தால் விளைச்சல் பொய்த்தது. பேரனுக்கு நாரை பொய்த்தால் பயணிகள் குறைந்து கடைகளில் வியாபாரம்தான் மந்தமாகும். காவலின் அடியில் இருந்த கணக்கு இப்படிச் சத்தமில்லாமல் மாறிவிட்டது.

பழக்கம் மட்டும் போகவில்லை. தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை. ஐப்பசி பிறந்து, முதல் கூடுகளுக்குச் சுள்ளி சேரும் நேரத்தில்தான் பண்டிகை வரும். அந்த வேளையில் ஒரு சரவெடி போதும், கூட்டம் முழுவதும் எழும்பிப் போய்விடும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியிலும் நெல்லைப் பக்கத்துக் கூந்தன்குளத்திலும் இதே கட்டுப்பாடு உண்டு. கூந்தன்குளத்தில் பறவை ஏரியோடு நிற்காமல் வீட்டுக்கொல்லை மரத்திலேயே கூடு வைக்கும்; கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுக்கு மீன் கொடுத்துத் தேற்றும் ஊர் அது. எந்தச் சட்டப்பிரிவும் ஒரு குழந்தையின் கையிலிருந்து மத்தாப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட முடியாது. பெற்றோர் செய்கிறார்கள், குழந்தையும் கேட்டுக்கொள்கிறது. பிளேஸின் கவுலைவிடப் பெரிய சாசனம் இதுதான் என்று நம்புகிறேன்.

ஏரிக்கு வெளியே இருக்கும் சிக்கல் ஊர்க்கட்டுப்பாட்டால் மட்டும் தீராது. முப்பது ஹெக்டேர் ஏரி பறவைக்குப் படுக்கையறை மாதிரி. அடுப்படி வெளியே இருக்கிறது. அத்தனை ஆயிரம் குஞ்சுகளுக்கும் இரை மதுராந்தகம் ஏரியிலிருந்தும் சுற்றுவட்டார ஏரி குளங்களிலிருந்தும் நெல்வயல்களிலிருந்தும்தான் வரவேண்டும். 1998-இல் அரசு ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரையும் சரணாலயத்துக்குள் கொண்டுவந்ததன் நியாயம் இதில்தான் இருக்கிறது. அந்த ஐந்தை மூன்றாகக் குறைக்கும் யோசனை 2020-இல் கிளம்பியது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சென்னையிலிருந்து சூழலியலாளர்கள் எழுதினார்கள், உள்ளூர் மக்களும் பேசினார்கள். வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் சிறிய கோடாகத் தெரியும். பரப்பில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியே போய்விடும்.

வட்டம் வரைந்துவிட்டதால் மட்டும் வட்டத்துக்குள் இரை பெருகாது. வயலில் நத்தையைக் கொல்லும் மருந்து தெளித்தால் நத்தைக்குத்திக்கு உணவில்லை. வரத்துக்கால்வாயில் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டினால் தண்ணீர் ஏரிவரை வந்து சேராது. மதுராந்தகம் ஏரியைத் தூர்வாரும் பணி அண்மையில் நடந்தபோது நீரைத் தேக்கிவைக்க முடியவில்லை. ஏரியை ஆழப்படுத்துவது உழவுக்கு நல்லதுதான். ஆனால் அந்த ஏரியை நம்பி எத்தனை கூடுகள் இருக்கின்றன என்பதும் பணித்திட்டத்தில் இடம்பெற வேண்டிய செய்தி. பொதுப்பணி ஒரு துறையிலும் பறவை வேறொரு துறையிலும் இருப்பது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு.

ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் மற்ற ஊர்களின் குரலையும் கேட்கவேண்டும். வேடந்தாங்கலுக்குப் பெயர் கிடைக்கிறது, பயணிகளும் வருகிறார்கள். பக்கத்து ஊர்களுக்குக் கட்டுப்பாடு மட்டும் வருகிறது. கட்டடம் கட்ட முடியுமா, நிலத்தை விற்க முடியுமா என்ற கவலை அவர்களுக்கு உண்டு, அது பேராசை இல்லை. அன்றைய கவுல் நிலைத்ததற்குக் காரணம், காத்தவர்களுக்கே பலன் கிடைத்ததுதான். இன்று பறவைக்கு இரை விளைவிப்பது வட்டாரம் முழுவதிலும் உள்ள சம்பா, நவரை வயல்கள். அங்கே நத்தைமருந்தைத் தவிர்க்கும் உழவருக்கு, நெல்லுக்குக் கூடுதல் விலையாகவோ வேறு வகையிலோ ஈடு கிடைக்க வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த ஊர்களின் கால்வாய்களைத் தூர்வாரப் போகலாம். புரட்டாசிக்குள் வரத்துக்கால்வாய் சுத்தமாகிவிட்டால் முதல் மழைத்தண்ணீர் வீணாகாமல் ஏரியில் இறங்கும். இதை முடிவுசெய்யும் கூட்டத்தில் வனத்துறை, நீர்வளத்துறை அதிகாரிகளோடு ஆயக்கட்டு விவசாயிகளும் உட்காரவேண்டும், வேடந்தாங்கல்காரர்கள் மட்டுமல்ல, சுற்றியுள்ள எல்லா ஊரின் விவசாயிகளும்.