இணைப்புத் திசு நோய்களில் முதுகெலும்பு அறுவையும் நுரையீரலும்

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே திருகியும் போவது பக்கவளைவு அல்லது ஸ்கோலியோசிஸ் எனப்படும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் அளக்கும் காப் கோணம் 10 பாகையை எட்டினால் இப்பெயர் பொருந்தும். முள்ளெலும்புகள் திருகும்போது விலா எலும்புகளும் திரும்புவதால் மார்புக்கூடு ஒடுங்குகிறது. நுரையீரல் நன்றாக இருந்தாலும் விரிய இடம் இருக்காது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவ்வளைவின் காரணம் தெரிவதில்லை. இணைப்புத் திசு நோய் உள்ளவர்களுக்குத் தெரியும்: எலும்புகளைப் பிடித்திருக்கும் தசைநார்களே தளர்வானவை. மார்ஃபான் நோயில் ஃபைப்ரிலின்-1 என்ற புரதம் பழுதாகிறது. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பக்கவளைவும் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர 50% வாய்ப்பு. ஏலர்ஸ்-டான்லோஸ் நோயின் கூன்வளைவு வகையோ தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும். மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம் பகுதியில் இதை நினைவில் வைப்பது நல்லது.

நுரையீரல் திறனை ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனை அளக்கிறது. உயரத்துக்கு ஏற்ப எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, ஊதிய அளவை அதோடு ஒப்பிடுவார்கள். முதுகு வளைந்தவரின் உயரம் குறைந்திருக்குமே! அதனால் இரு கைகளையும் விரித்து அந்த நீளத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். மார்ஃபான் நோயாளியிடம் இதுவும் ஏமாற்றும்; அவர்களுக்குக் கைவிரிப்பு இயல்பாகவே உயரத்தைவிட அதிகம். ஆகவே ஒரே ஒரு சதவீதத்தைப் பார்த்து அஞ்சுவதைவிட, அதே முறையில் ஆண்டுதோறும் எடுத்த அளவுகளை ஒப்பிடுவதே தெளிவு தரும். குழிந்த மார்பு இருந்தால் அதுவும் மூச்சைக் குறைக்கும்.

வளைவு 45 முதல் 50 பாகையைத் தாண்டினால் பொதுவாக அறுவை பற்றிப் பேசுவார்கள். திருகாணிகளும் உலோகத் தண்டுகளும் பொருத்தி, எலும்புகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதுகெலும்பு அறுவைக்கெனத் தனிப் பிரிவே உள்ளது. ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்கள் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

மார்ஃபான் நோயாளிக்கு அறுவைக்கு முன் எக்கோ சோதனை கட்டாயம், பெருந்தமனி விரிந்திருக்கக்கூடும். தண்டுவட உறை மெலிந்து விரிந்திருப்பதால் கிழியவும், இரத்தம் கூடுதலாக இழக்கவும் வாய்ப்பு உண்டு.

அறுவைக்குப் பின் மூச்சு உடனே பெருகும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். நடப்பது வேறு. முதல் சில நாள்களில் வலியாலும் படுக்கையாலும் அளவு வெகுவாக இறங்கி, ஓரிரு மாதங்களில் பழைய நிலைக்கு வரும். அதன்பின் கிடைக்கும் உயர்வு பெரும்பாலும் சிறிதே. மேலும் சரியாமல் நிறுத்துவதே உண்மையான பயன். நுரையீரலின் காற்றறைகள் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் உருவாகிவிடுவதால், சிறு குழந்தைகளுக்கு எலும்பை இணைக்காமல், வளர வளர நீட்டக்கூடிய தண்டுகளை வைப்பார்கள்.

வளைவை முதலில் காண்பது பெரும்பாலும் வீடும் பள்ளியும்தான். பிள்ளையை முன்னோக்கிக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டலாம். அந்தப் பிள்ளை வயதுக்கு மீறிய உயரமும் நீண்ட விரல்களும் உடையதாக இருந்தால், கண்ணையும் இதயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.