புயல் கூண்டு ஏறினால் கடற்கரையில் என்ன வேலை?

வங்கக் கடலில் புயல் என்று அறிவிப்பு வந்தால் போதும். மெரினாவுக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் ஒரு கூட்டம் கிளம்பி விடுகிறது. "அலை பனைமர உயரம் வருதாம். வா, பார்த்துட்டு வரலாம்" என்று பிள்ளை குட்டிகளோடு போகிறார்கள்.

அதே நேரத்தில் காசிமேட்டில் என்ன நடக்கிறது? மீனவர்கள் படகைப் பத்திரமாகக் கட்டிவிட்டு ஒதுங்குகிறார்கள். கடலை அறிந்தவர் விலகிப் போகிறார். அறியாதவர் கிட்டே போகிறார்!

கூண்டு சொல்லும் சேதி

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டுக்கு 11 எண்கள் உண்டு. 1, 2 என்றால் ஆபத்து தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்தையே காற்று தாக்கலாம். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்து விட்டது என்று பொருள்.

"1-ம் நம்பர்தானே" என்று அலட்சியம் வேண்டாம். புயல் தூரத்தில் இருக்கும்போதே அது கிளப்பிய அலை கரைக்கு வந்து விடும்.

காலடி மணல் பறிபோகும்

நாலு அலை சின்னதாக வரும். அடுத்த அலை ஆளையே அடித்துத் தள்ளும். திரும்பும் தண்ணீர் காலடி மணலை அரித்துக்கொண்டு உள்ளே இழுக்கும். நீச்சல் தெரியும் என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஒருவர் விழுந்து விட்டால், காப்பாற்ற நீங்களும் குதிக்காதீர்கள். கயிறோ, மூடிய காலி கேனோ வீசுங்கள்.

ஆறும் அப்படித்தான்

2015 டிசம்பர் 1-ந்தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை மீறி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது.

முழங்கால் அளவு ஓட்டமே ஆளைச் சாய்த்து விடும். இரண்டடி ஓட்டம் காரை மிதக்க வைக்கும். "பஸ் போகுதே, ஸ்கூட்டர் போகாதா?" என்று தரைப்பாலத்தில் இறங்காதீர்கள்.

காற்று நின்றதா? உஷார்!

புயலின் கண் ஊருக்கு மேலே வந்தால் காற்று சட்டென்று அடங்கும். "போயிடுச்சு" என்று வெளியே வந்து விடாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த் திசையில் இருந்து மறுபடியும் அடிக்கும். 2016 டிசம்பர் 12-ந்தேதி வந்த வார்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தது மறந்திருக்காது.

ஆபத்து என்றால் 1070-க்கு போன் போடுங்கள். ஆம்புலன்சுக்கு 108. அலை எங்கேயும் போய்விடாது. புயல் கடந்த பிறகு குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம்.